ஏற்காட்டு வீட்டு ஒயர் விஷயமாக

அன்புள்ள ராஜு,

ரொம்ப நாளாகக் கடிதம் போடவில்லை. திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டீச்சர் உன்னை விசாரித்தார், வழக்கமான அர்ச்சனையோடு.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். டிஷ், இன்டர்நெட், கேமரா மூன்று ஒயரும் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போகணுமா? ஏற்காட்டுக் குளிரில் ஜன்னலைச் சாத்தாமல் தூங்குகிற ஆள் நீ ஒருத்தன்தான்டா!

வெள்ளையடிப்பதற்குள் மூன்றையும் வெளிச்சுவரில் பைப்புக்குள் ஓட்டி, சுவரில் துளை போட்டு உள்ளே எடுத்துவிடு. முன்சுவரை விடு. பின்பக்கம் சன்ஷேடுக்கு அடியில் படுக்கையாக ஒரே கோடு, அப்புறம் மூலையோடு நேராகக் கீழே. 25 மி.மீ. பிவிசி பைப்பில் மூன்றும் தாராளமாகப் போகும். 20-இல் திணித்தால் வளைவில் மாட்டும். சட்டென்று திரும்புகிற எல்போ வேண்டாம், மெதுவாக வளைகிற லாங் பெண்டு வாங்கு. பைப்பைச் சுவரோடு பிடிக்கிற சாடில் இரண்டடிக்கு ஒன்று. வளைவுக்கு இரண்டு பக்கமும் அரையடியில் ஒன்று. வெயில் படுகிற சுவரில் 3 மீட்டர் பைப் 5 மி.மீ. வரை நீளும். அதனால் பைப்புகளைச் சேர்க்கிற எல்லா கப்ளிங்கிலும் சொல்யூஷன் (பசை) போட்டு இறுக்கிவிட்டால் நடுவில் வில்லாக வளைந்து சாடிலைப் பிடுங்கும். இடையில் ஒன்றை ஒட்டாமல் சும்மா சொருகி விடு. வெள்ளை கேபிள் டை வெயிலில் உளுத்துப் போகும், கறுப்புதான் தாங்கும்.

உனக்கு உண்மையான எதிரி தண்ணீர். ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்து வீட்டுக்குள் வந்துவிடும். சுவரில் துளை போடும்போது உள்ளிருந்து வெளியே பார்த்துச் சரிவாகப் போடு. ஒன்பது அங்குலச் சுவருக்கு அரை அங்குல இறக்கம் போதும். ஒயர் துளைக்கு மேலிருந்து நேராக நுழையக் கூடாது. துளையைத் தாண்டி நாலு அங்குலம் கீழே தொங்கி, மறுபடி மேலேறி நுழையணும். தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். அப்புறம்தான் வெளிப்பக்கம் சிலிக்கான். மூடுபனிக் காலத்தில் பைப்புக்குள்ளேயே வியர்க்கும், ஆகவே ஆகத் தாழ்ந்த இடத்தில் அடிப்பக்கம் பார்த்து 3 மி.மீ. ஓட்டை ஒன்று போடு. ஒயரை இழுக்கும்போது மேல்தோல் கீறினால் அந்த ஒயரைத் தூக்கிப் போடு. தண்ணீர் தோலுக்குள்ளேயே ஓடிப்போய் எங்கேயோ இருக்கிற ரௌட்டரில் சொட்டும், நீ ரௌட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாய்.

ஃபைபரை (சிக்னலை வெளிச்சமாகக் கொண்டுபோகிற கண்ணாடி இழை ஒயர்) டீ டம்ளர் வாயைவிடச் சின்ன வளையமாகச் சுற்றாதே. வெளியே தெரியாது, உள்ளே வெளிச்சம் கசிந்து சிக்னல் விழும்.

"எல்லாத்தையும் ஒரே பைப்ல போட்டுரலாங்க" என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். ஒத்துக்கொள்ளாதே. கரண்ட் ஒயருக்குத் தனிப் பைப், இணையாக ஓடும் இடத்தில் ஓரடி இடைவெளி, குறுக்கிட்டால் செங்குத்தாக.

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்காதே. அவுட்ஹவுஸ் கேமராவுக்கு வீட்டிலிருந்து அந்தரத்தில் செம்பு ஒயர் இழுக்காதே. சித்திரை இடி பக்கத்தில் விழுந்தாலே போதும், அந்த ஒயரின் இரண்டு முனையிலும் இருக்கிற கருவிகள் கெட்டுப்போய்விடும், ஆள் தொட்டுக்கொண்டிருந்தால் ஆளுக்கும் ஆபத்து. அங்கே ஃபைபர் போடு. கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கிற சாதாரண டிராப் ஃபைபரில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி இருக்கும், அது இல்லாத ரகமாகக் கேட்டு வாங்கு.

நீளத்தை நூல் பிடித்து அளந்து, வளைவுக்கும் பாக்ஸுக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டி எழுது. பைப்பைச் சேலத்திலேயே வாங்கி வண்டியில் ஏற்றிவிடுகிறேன். 20 கொண்டை ஊசியிலும் பஸ்ஸுக்குள் மூன்று மீட்டர் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க உன்னால் ஆகாது. செல்வம் உதவிக்கு வந்தால் ஏணியைப் பிடிக்கச் சொல். டிரில்லைக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
முருகேசன்