ஒன்பதரை மணி நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரவு ஒன்பதரைக்கு அமெரிக்கச் சந்தை திறந்ததும் (அங்கே குளிர்காலம் என்றால் பத்தரை) சிங்கப்பூரில் எங்கள் புளோக் காப்பிக் கடையில் கைப்பேசியும் கையுமாகக் குனியும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். பக்கத்து மேசையில் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) குடித்துக்கொண்டே உங்கள் பேச்சைக் காதில் வாங்குபவன் நான். முப்பது வருடம் கணக்கு எழுதியவன், பழக்க தோஷம்.

போன வாரம் ஒரு தம்பி சொன்னார்: "நல்ல கம்பெனி, அப்புறம் எதுக்கு விலையப் பாத்துக்கிட்டு?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

2000 மார்ச்சில் உலகிலேயே அதிகச் சந்தை மதிப்புள்ள நிறுவனம் சிஸ்கோ. இணையம் வளரும், அதற்கு இவர்கள் கருவி வேண்டும் என்றார்கள். இரண்டும் பலித்தன. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் விற்பனை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. பங்கோ, 80 டாலரைத் தொட்டுவிட்டு 2002ல் 10 டாலருக்கும் கீழே போனது. 20 ஆண்டு கழித்தும் பழைய உச்சத்தை எட்டியிருக்கவில்லை. சொன்ன கதை பொய்யில்லை. ஒரு பங்குக்குரிய ஆண்டு லாபத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கியதுதான் தப்பு.

சரி, எவ்வளவு கொடுக்கலாம்? நான் தலைகீழாகக் கணக்குப் போடுவேன். ஒரு பங்கு ஆண்டு லாபத்தைப்போல் 50 மடங்கில் விற்கிறது, ஈவு (டிவிடெண்ட்) கிடையாது. பத்து ஆண்டில் வளர்ச்சி வேகம் தணிந்து அந்த 50 மடங்கு 20 மடங்குக்கு இறங்கும் என்று வையுங்கள். போட்ட பணத்துக்கு உங்களுக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு ஆதாயம் வேண்டுமென்றால், லாபம் இன்றிருப்பதைப்போல் ஏறக்குறைய ஐந்தரை மடங்காக வேண்டும். அதாவது பத்து ஆண்டும் விடாமல் ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல். நடக்கும் என்று தோன்றினால் வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. மசேநி (மத்திய சேம நிதி, CPF) சாதாரணக் கணக்கில் சும்மா கிடந்தாலே 2.5 விழுக்காடு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மெமரி சிப் பங்குகளில் இந்த மடங்கு ஏமாற்றும். லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பங்கு மலிவாகத் தெரியும். சிப் விலை விழுந்தால் அந்த லாபமே காணாமல் போகும். உட்லண்ட்ஸில் சிப் செய்யும் வேஃபர் ஆலைகளில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் இருந்தால், ஓவர்டைம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுப்பதைச் செலவில் சேர்க்காமல் காட்டும் லாபத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சம்பளம் சம்பளம்தானே?

நாளை இரவு வரும்போது, உங்கள் கையில் இருக்கும் ஒரே ஒரு பங்குக்கு இந்தக் கணக்கைப் போட்டு எடுத்து வாருங்கள். தே என் செலவு.

இப்படிக்கு,
பக்கத்து மேசை அங்கிள்