பூட்டிய வீடும் பொதுச் சுவரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் தூண், திண்ணை, முற்றம் என்று ரசித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதில் குடியிருப்பவன் பாடு வேறு.

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய வீடுகள் பல ஒட்டியே நிற்கின்றன. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். எங்கள் வீட்டில் முன்பக்கத் தார்சா, பட்டாசல் என்கிற கூடம், இரண்டாம் கட்டு, அடுக்களை தாண்டித்தான் புறவாசல். இருப்பது நானும் மனைவியும். பின்கட்டில் விளக்கு எரிவதே செவ்வாய், வெள்ளிதான். சரி, அதைச் சமாளித்துவிடலாம். பக்கத்து வீட்டைத்தான் சமாளிக்க முடியவில்லை.

பூட்டியே கிடக்கும் அந்த வீட்டின் பத்திரம் இன்னும் அவர்கள் தாத்தா பெயரில். பேரன்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும். பங்கு பிரியாததால் விற்கவும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை. ஆனித் தேரோட்டத்துக்கு வரும் ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மட்டப்பாவில், அதாவது மொட்டை மாடியில், அரசங்கன்று முளைத்து, வேர் காரையைப் பிளந்து, 2023 டிசம்பர் மழையில் அவர்கள் பின்கட்டு உட்கார்ந்துவிட்டது. இப்போது பெய்கிற மழையெல்லாம் பொதுச் சுவரின் தலையில் இறங்குகிறது. எங்கள் பக்கம் கை வைத்தால் காரை மாவாக உதிர்கிறது. சாமி படத்து ஆணிகூட நிற்பதில்லை.

கொத்தனாரைக் கேட்டால், "சிமெண்டு பூசிருவோம் அண்ணாச்சி" என்கிறார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்; சுவருக்குள் இருக்கும் உத்தரத்து முனையும் உளுத்துப்போகும். எதிர்வீட்டில் அதுதான் நடந்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் கூலியும் அதிகம், நாளும் அதிகம்.

போதாததற்குத் தெரு வேறு. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021-இல் உத்தரவிட்டார். அதற்குள் தார்மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்து, எங்கள் வாசல்படிகள் தெருவுக்குள் போய்விட்டன.

ஆபத்தான கட்டடத்துக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் மாநகராட்சிக்கு உண்டு. ஆனால் நோட்டீஸ் வருகிற நிலையில் இடிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. அதற்கு முன்பே, பூட்டிய வீட்டு மட்டப்பாவில் செடியைப் பிடுங்கி, தண்ணீர் அடுத்த சுவரில் இறங்காமல் தகரமாவது போட்டு, செலவை வீட்டு வரியோடு வசூலிக்கலாமே? வெளிநாட்டில் இருப்பவரும் வரியை ஆன்லைனில் கட்டிவிடலாம். ஐப்பசி மழைக்கு முன்னால் யாராவது இதை யோசித்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி டவுன்.