மாத்திரை உறையில் தமிழில் ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரடாச்சேரியிலிருந்து தினமும் நீடாமங்கலம் போய் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். நாலு பேர் பார்க்க பில் போட்டால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். 'கூச்ச சுபாவம், கல்யாணமானால் சரியாகிவிடும்' என்றார் அத்தை. ஆகி ஆறு வருஷம்!

கடைசியில் மனநல மருத்துவரிடம் போனேன். சமூகப் பதற்றம் என்றார். எஸ்சிட்டலோபிராம் 5 மில்லிகிராம், காலையில் ஒன்று. பலன் தெரியச் சில வாரமாகும் என்றவர், தூக்கம் வரும் என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் பஸ்ஸில் கண்ணயர்ந்து, நீடாமங்கலத்தைத் தாண்டி அம்மாப்பேட்டையில்தான் விழித்தேன். கடையிலோ, குறுவை நேரத்துக் கூட்டத்தில், யூரியா என்று எழுத ஆரம்பித்த பேனா பில்லின் ஓரம் வரை கோடாக இழுத்திருந்தது. கார்பனுக்கு அடியிலும் அதே கோடு. முதலாளி நான் குடித்திருப்பதாகவே நினைத்தார்.

நானாக நிறுத்தியிருப்பேன். மனைவிதான் மருத்துவருக்குப் போன் போட்டார். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரலாம், இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். பைக்கைத் தொடவில்லை. மதியச் சோற்றையும் குறைத்தேன். இரண்டு வாரத்தில் தூக்கம் தெளிந்தது. நடுக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்து, வெறும் உறையில் போட்டுத் தருகிறார்கள். 'தூக்கம் வரலாம், வண்டி ஓட்டாதீர்கள், கேட்காமல் நிறுத்தாதீர்கள்' என்று அதன்மேல் தமிழில் எழுதித் தரக் கூடாதா? அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐயும் சேர்த்து அச்சடிக்கலாம்.

– ஒரு வாசகர், கொரடாச்சேரி