சின்னவளோட பேச்சுப் போட்டிக்கு நீ கேட்டது

சாந்தி,

எப்படி இருக்கடி? அண்ணனுக்கு சுகர் கொறஞ்சுதா, திருப்பூர்ல கம்பெனி வேலையெல்லாம் பரவால்லயா? உன் மெசேஜப் பாத்ததும் வாய்ஸ்ல பேசி அனுப்பிடலாம்னுதான் நெனச்சேன், ஆனா நான் வாயத் தொறந்தா நிறுத்த மாட்டேன்னு உனக்குத் தெரியும், அதான் உக்காந்து டைப் பண்றேன், அடுப்படி வேலையெல்லாம் முடிச்சுட்டு நிதானமா படி.

இங்க பென்னாகரத்துல வெயில் மண்டையப் பொளக்குது. ஞாயித்துக்கெழமை ஆனா ஒகேனக்கலுக்கு பெங்களூர் காருங்க வர்றது மட்டும் நிக்கல. தம்பி இந்த தடவ தக்காளி போட்டான், பாலக்கோட்டு மண்டியில வெலையே இல்ல, அடுத்து ராகிதான்னு சொல்லிட்டுத் திரியறான். ஒண்ணு மட்டும் நல்லது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததுக்கப்புறம் ஸ்கூல்ல சின்னதுங்க சிரிச்சா நம்ம காலத்துல பாத்த அந்த ஃபுளோரைடு தண்ணி மஞ்சக் கறைப் பல்லு கொறஞ்சிருக்கு.

சரி விஷயத்துக்கு வரேன். சின்னவளுக்கு 'வரலாற்றில் பெண்கள்'னு தலைப்பு, நீ அனுப்பின லிஸ்ட்ல ஔவையார், வேலு நாச்சியார், ஜான்சி ராணி, நைட்டிங்கேல், முத்துலட்சுமி ரெட்டி எல்லாரும் இருக்காங்க. அஞ்சு நிமிஷத்துல அத்தன பேரையும் சொன்னா ரேஷன் கடையில பேர் கூப்புடுற மாதிரிதான் இருக்கும். எனக்கு இன்னொரு கடுப்பும் இருக்கு, இத்தன வருஷம் தமிழ் டீச்சரா இருந்து மகளிர் தின விழா ஒவ்வொண்ணுலயும் பாக்கறேன், நாம எந்தப் பொம்பளயப் பத்திப் பேசினாலும் முதல்ல அவங்க கோவத்த எடுத்துர்றோம், அப்புறம் அவங்க செஞ்ச வேலைய எடுத்துர்றோம், மிச்சம் இருக்கறத தியாகம் கருணைன்னு சொல்லி மாலை போட்டுர்றோம்.

நம்ம ஊரு ஔவையவே எடுத்துக்கோயேன். மாறுவேடப் போட்டின்னா ஒரு அஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தலையில பஞ்சு ஒட்டி, நெத்தியில பட்டை போட்டு, கையில கம்பக் குடுத்து மேடையேத்திருவாங்க, அது 'அறம் செய விரும்பு'ன்னு சொல்லிட்டு இறங்கிரும். ஆத்திசூடி பாடின ஔவை பல நூறு வருஷம் பிந்துன ஆளு, அவங்க வேற. நம்ம தகடூர்ல, அதான் இப்ப தர்மபுரி, ராஜா அதியமான் கூட இருந்த சங்க காலத்து ஔவை பாட்டுங்க 59 இருக்கு, புறநானூறுல மட்டுமே 33, அதுல எந்த எடத்துலயும் இந்த அம்மா கம்ப ஊணிட்டு நிக்கல.

புறநானூறுல 206ஆவது பாட்டு இருக்கே, அது எனக்கு உசுரு. பரிசில் குடுக்காம அதியமான் இழுத்தடிக்கிறான், இவங்க வாசல்ல நின்னு வாயிற்காவலனப் பாத்துப் பேசறாங்க, உங்க அதியமான் நெடுமான் அஞ்சிக்கு அவனையே தெரியலயா இல்ல என்னத் தெரியலயா, உலகத்துல அறிவும் புகழும் உள்ளவங்க எல்லாம் செத்தா போயிட்டாங்கன்னு கேட்டுட்டு, யாழ எடுத்தாச்சு மூட்டையக் கட்டியாச்சு, 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே'ன்னு கெளம்பறாங்க. தச்சன் வீட்டுப் பசங்க கோடாலியோட காட்டுக்குள்ள போனா அவங்களுக்கு மரமா கெடைக்காது, அது மாதிரின்னு வேற சொல்றாங்க. தொழில் தெரிஞ்சவளுக்கு எந்த ஊருலயும் சோறு உண்டுன்னு ஒரு ராஜா வாசல்ல நின்னு சொல்ற தைரியம் பாரு.

அதியமானுக்காக தொண்டைமான்கிட்ட தூது போன கதை தெரியும்ல. தொண்டைமான் பெருமையா ஆயுதக் கொட்டில சுத்திக் காட்டறான். இவங்க பாராட்டற மாதிரியே ஆரம்பிக்கறாங்க, இங்க இருக்கற வேலெல்லாம் மயில் பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில பத்திரமா இருக்கு, எங்க ஆளோடது பகைவன குத்திக் குத்தி முனை ஒடைஞ்சு கொல்லன் பட்டறையில கெடக்குன்னு. அவ்வளவுதான். நீ சண்டைக்கே போனதில்லன்னு அவன் வீட்டுக்குள்ளயே நின்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துட்டாங்க. அப்புறம் அதியமான் செத்தப்ப ஒரு பாட்டு, கொஞ்சமா கள்ளு கெடைச்சா எங்களுக்குக் குடுத்துருவான், நெறைய கெடைச்சா நாங்க குடிச்சுப் பாட அவனும் கூட சந்தோஷமா குடிப்பான், அவன் மார்புல பாஞ்ச வேலு பாணருங்க கையில இருக்கற பாத்திரத்தயும் துளைச்சிட்டுப் போயிருச்சேன்னு அழுவாங்க. அத கிளாஸ்ல நடத்தும்போது எனக்கே தொண்டை அடைக்கும். ஆனா பொதுவுல யாரக் கேட்டாலும் நெல்லிக்கனி, நெல்லிக்கனி. வாங்கிக்கிட்ட பொம்பளயா மட்டும்தான் ஞாபகம் வெச்சிருக்கோம். அதியமான் கோட்டையில ரெண்டு பேருக்கும் சிலை இருக்கு, ஒரு தடவ சின்னவளக் கூட்டிட்டு வா, ஆனா இந்தப் பாட்டுங்களப் படிச்சுட்டு வரச் சொல்லு.

நைட்டிங்கேல் கதையும் இதேதான். கையில வெளக்கு, அவ்வளவுதான் நமக்கு. அந்த அம்மா கணக்குல புலிடி. 1854ல கிரிமியா சண்டைக்குப் போனவங்க, சிப்பாயிங்க குண்டடி பட்டு சாவறத விட அழுக்குலயும் தொத்து நோயிலயும்தான் அதிகமா சாவறாங்கன்னு மாசா மாசம் கணக்கெடுத்து, ஒரு வட்டப் படமா வரைஞ்சு அரசாங்கத்து முன்னாடி நீட்டினாங்க, 1858ல லண்டன் புள்ளியியல் சங்கத்துல சேத்துக்கிட்ட முதல் பொம்பள அவங்கதான். இந்தியாவுக்கு ஒரு தடவ கூட வராமலே இந்திய பட்டாளத்து சாவு, சாக்கடை, குடிதண்ணி எல்லாத்தையும் பத்தி வருஷக்கணக்கா எழுதித் தள்ளியிருக்காங்க. நம்ம ஊருல ஃபுளோரைடு தண்ணியோட பட்ட பாட்டுக்கு இந்தக் கதைதான் ஒட்டும், வெளக்கக் கொண்டு போய் என்ன பண்றது.

வேலு நாச்சியார்னா வாளு. 1772ல காளையார் கோவில்ல புருஷன் செத்ததுக்கும் 1780ல சிவகங்கைய மீட்டதுக்கும் நடுவுல எட்டு வருஷம் இருக்கே, அத யாரு பேசறா? மகள வெச்சுக்கிட்டு திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில தங்கி, ஹைதர் அலிகிட்ட படை ஒதவி கேட்டு, ஆளு சேத்து, கூட இருந்தவங்கள சிதறவிடாம வெச்சிருந்தாங்களே, அதுதான் பெரிய வேலை. அந்த ஹைதர் அலி கையிலதான் அப்ப பாராமகால்னு சொன்ன நம்ம தர்மபுரி சீமையும் இருந்துச்சு.

முத்துலட்சுமி ரெட்டியப் பத்தி நீ கேட்டதுக்குத்தான் வரேன், இதுல எனக்கு நெறைய சொல்ல இருக்கு. 1886ல புதுக்கோட்டையில பொறந்தவங்க, அப்பா பிராமணரு, காலேஜ் பிரின்சிபால், அம்மா சந்திரம்மாள் தேவதாசி குடும்பம். ஆம்பளப் பசங்க காலேஜுல இந்தப் பொண்ண சேக்கக் கூடாதுன்னு எதிர்ப்பு வந்துச்சு, புதுக்கோட்டை ராஜா ஒத்துக்கிட்டதாலதான் சேர முடிஞ்சுது. 1912ல சென்னை மெடிக்கல் காலேஜுல டாக்டர் ஆயிட்டாங்க. கல்யாணத்துக்கே கண்டிஷன் போட்டவங்க தெரியுமா, என்ன சமமா நடத்தணும், என் விருப்பத்துக்குக் குறுக்க வரக்கூடாதுன்னு, சுந்தர ரெட்டியும் சரின்னுதான் கட்டிக்கிட்டாரு. நாம ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்னாடி என்ன கண்டிஷன் போட்டோம்னு யோசிச்சுப் பாத்தா சிரிப்புதான் வருது, எனக்கு வேலைக்குப் போகணும்ங்கறது ஒண்ணு, உனக்கு அதுகூட இல்ல.

சென்னை சட்ட மன்றத்துல முதல் பெண் உறுப்பினரா போயி, துணைத் தலைவராவும் ஆகி, பொண்ணுங்கள கோயிலுக்கு தேவதாசியா விடுற பொட்டுக்கட்டுற வழக்கத்த ஒழிக்க மசோதா கொண்டாந்தாங்க, எதுத்தவங்க பெரிய பெரிய ஆளுங்க, கலை அழிஞ்சுரும் சாஸ்திரம் போயிரும்னாங்க. முழுச் சட்டம் வர 1947 ஆச்சு. பொட்டுக்கட்ட மாட்டோம்னு வந்த பொண்ணுங்களுக்கு எந்த ஹாஸ்டல்லயும் எடம் குடுக்கல, அதனால தன் வீட்டுலயே வெச்சு ஆரம்பிச்சதுதான் ஔவை இல்லம். பேரக் கவனிச்சியா, எங்கயோ புதுக்கோட்டைப் பொண்ணு, மெட்ராஸ்ல வீடு, நம்ம தகடூர்க்காரி பேர வெச்சிருக்காங்க. அப்புறம் தங்கச்சி கேன்சர்ல செத்தத மறக்காம 1954ல அடையாறுல 12 படுக்கையோட ஆஸ்பத்திரி தொறந்தாங்க, அப்ப அவங்களுக்கு வயசு அறுபத்தேழு. நம்ம ஊருல இருந்து இன்னிக்கும் அடையாறு போறோம்னு பஸ் ஏறுற சனங்களுக்கு இந்தப் பேரு தெரியாது, கேட்டுப் பாரு.

அவங்க கொண்டாந்த சட்டத்துக்காக மன்றத்துக்கு வெளியில இருந்து, மேடை மேடையா ஏறிப் பேசினவங்க மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், இவங்கள லிஸ்ட்ல கண்டிப்பா சேரு. அதே தேவதாசி வாழ்க்கையில இருந்து வெளிய வந்தவங்க. 1936ல தன் அனுபவத்தையே வெச்சு நாவல் எழுதினாங்க, 1938 இந்தி எதிர்ப்புல திருச்சியில இருந்து சென்னைக்கு நடந்த பேரணியில போனாங்க, ஜெயிலுக்கும் போனாங்க. நமக்கு இவங்க பேரு எப்படித் தெரியும்? கல்யாண உதவித் தொகை ஃபாரத்துல! வாழ்நாள் பூரா பொண்ணுங்களோட விடுதலைக்கு அடிச்சுக்கிட்டவங்க பேர்ல தாலிக்குத் தங்கம். தப்புன்னு சொல்ல மாட்டேன், எத்தனையோ வீட்டுக்கு அது தேவைப்பட்டுச்சு, படிப்பு வேணும்னு அதுல கண்டிஷனும் இருந்துச்சு. ஆனா 2022ல அதயே புதுமைப் பெண்ணுன்னு மாத்தி, கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சு காலேஜ் போற பொண்ணு அக்கவுண்ட்ல மாசம் 1000 ரூபா போடறாங்களே, அப்பதான் அந்தப் பேருக்குப் பொருத்தமாச்சுன்னு எனக்குத் தோணுச்சு.

அந்த ஆயிரம் ரூபாவ நான் எதுக்கெல்லாம் யூஸ் பண்றேன் தெரியுமா. மலைப் பக்கம் இன்னும் பத்தாவது முடிச்சதும் மாப்பிள்ள பாக்கறாங்கடி. 1929ல பொண்ணுக்கு 14 வயசாவது ஆகட்டும்னு சட்டம் கொண்டாந்தப்பவே முத்துலட்சுமி ரெட்டி அதுக்கு ஆதரவா நின்னாங்க, இப்ப சட்டத்துல 18, இன்னும் நான் வீட்டு வாசப்படியில நின்னு கெஞ்சிட்டிருக்கேன். போன வாரம் ஒரு அப்பாகிட்ட சட்டம் ஜெயிலுன்னெல்லாம் பேசிப் பாத்தேன், மனுசன் அசையல. காலேஜ் போனா மாசம் ஆயிரம் வருதுன்னதும் நாற்காலி எடுத்துப் போட்டாரு. பிளஸ் ஒன்ல சேக்கறேன்னிருக்காரு, ஸ்கூல் தொறந்தாதான் நெஜம் தெரியும்.

அதனால சின்னவகிட்ட சொல்லு, ஒரே ஒரு ஆள எடுத்துக்கட்டும், அஞ்சு நிமிஷமும் அவங்களுக்கே. என் ஓட்டு ஔவைக்குத்தான், தொண்டைமான் ஆயுதக் கொட்டில்ல ஆரம்பிச்சு அந்த வாயிற்காவலன் பாட்டுல முடிச்சா ஹாலே கை தட்டும். கள்ளு குடிச்சத சொல்லணுமா வேணாமாங்கறது அவ இஷ்டம், ஜட்ஜு யாருன்னு பாத்துக்கிட்டு முடிவு பண்ணட்டும். எழுதினதும் எனக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு, நீ திருத்தாத, நீ திருத்தினா கடைசியில 'பெண்மையைப் போற்றுவோம்'னு சேத்துருவ.

புளி தட்டி வெச்சிருக்கேன், கொட்டை எடுத்தாச்சு. பஸ்ல குடுத்து விடட்டுமா இல்ல ஆடிக்கு நீயே வர்றியா, சொல்லு.

உன்
கலா