பிரேக் யாரையும் முன்னால் தள்ளுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில், ‘பஸ் திடீரென நின்றால் பயணிகள் ஏன் முன்னால் விழுகிறார்கள்?’ என்ற கேள்விக்கு, ‘பிரேக் போடும்போது உண்டாகும் விசை அவர்களை முன்னோக்கித் தள்ளுகிறது’ என்று பதில் போட்டிருந்தீர்கள். பொள்ளாச்சி - வால்பாறை தடத்தில் 29 வருஷம் கண்டக்டராக நின்றவன் நான். அப்படி ஒரு விசை என்னை ஒருநாளும் தள்ளியதில்லை.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் வயிற்றுப் பேத்தியிடம் காட்டினேன். அவளுக்கு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள்தான். “இது தப்புங்க அப்புச்சி, இது நிலைமம்” என்றாள். ஓடுவது அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கவும், நிற்பது நின்றபடியே இருக்கவும் பார்க்கிற குணத்துக்குத்தான் அந்தப் பெயர்.

பஸ் நாற்பதில் போனால் உள்ளே நிற்கிற நாமும் நாற்பதில்தான் போகிறோம். பிரேக் சக்கரத்தைப் பிடிக்கிறது, சக்கரம் ரோட்டைப் பிடிக்கிறது, பஸ்ஸின் தரை நம் செருப்பைப் பிடிக்கிறது. இடுப்புக்கு மேலே பிடிக்க எதுவும் இல்லை. அது பழைய வேகத்திலேயே போகிறது. விசை வேலை செய்தது காலில், அதுவும் பின்பக்கமாக. நாங்கள் ஒரு காலை முன்னே வைத்து, இடுப்பை சீட்டுக் கம்பியில் சாய்த்துக்கொண்டு டிக்கெட் கிழிப்பது இதற்காகத்தான். பஸ் நிற்பதற்குள் பின்பக்கம் பார்த்தபடி இறங்கி மல்லாக்க விழுந்தவர்கள் கதையும் இதேதான். கால் ரோட்டில் நின்றுவிடும், உடம்பு பஸ்ஸோடு போகும்.

வால்பாறை மலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒருமுறை ஓர் அம்மா பெரிய பலாப்பழத்தைச் சாக்கில்கூடக் கட்டாமல் நடைபாதையில் வைத்துவிட்டார். பஸ் இடப்பக்கம் ஒடித்தால் பழம் வலப்பக்கம் உருளும். வலப்பக்கம் ஒடித்தால் இந்தப் பக்கம் வரும். ஒரு வளைவில் போய் ஒரு பெரியவரின் கட்டைவிரலில் இடித்தது. அவர் டிரைவரைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் பழத்தைத் தொட்டாரா என்ன? பழம் அதுபாட்டுக்கு நேராகப் போகப் பார்த்தது. அதன் அடியில் பஸ்தான் திரும்பியது. புத்தகத்தில் இதற்குப் பெயர் ‘திசையில் நிலைமம்’. பெரியவர் அன்று வைத்த பெயரை நீங்கள் அச்சில் போட முடியாது.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். என் இளைய மகன் கார் வாங்கியிருக்கிறான். மருமகள் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருகிறாள். வேண்டாம் என்றால், “தள்ளுனா நான் இறுக்கிப் புடிச்சுக்குவேனுங்க மாமா” என்கிறாள். பேத்தியைக் கணக்குப் போடச் சொன்னேன். குழந்தை 10 கிலோ. கார் மணிக்கு 36 கிலோமீட்டரில் போகிறது; அதாவது நொடிக்கு 10 மீட்டர். எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், குழந்தையையும் அதே நேரத்துக்குள் நிறுத்த 1000 நியூட்டன் விசை வேண்டும். கிட்டத்தட்ட 100 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் நான்கைத் திடீரென ஒருவர் கையில் போட்டால் என்ன ஆகும்? 36 என்பது டவுனுக்குள் போகிற வேகம்.

ஏதோ ஒன்று வந்து தள்ளும் என்று நினைப்பதால்தான் கையால் தடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. அங்கே தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தத்தான் ஒன்று வேண்டும். பெரியவர்களுக்கு அது சீட் பெல்ட். குழந்தைக்குப் பின் சீட்டில் பொருத்துகிற தனி இருக்கை.

ஆகவே அடுத்த வாரம் மாணவர் பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் நல்லது. கத்தரித்து மகன் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாமனார் சொன்னால் ஏறாதது பேப்பரில் வந்தால் ஏறும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர்,
பொள்ளாச்சி.