சுகர் நோட்டில் கண்ணுக்கும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சுகர் மாத்திரை வாங்க வருபவர்களின் நோட்டைப் புரட்டினால், வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று வரிசையாக எழுதியிருக்கும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் உள்ளே பின்பக்கம் உள்ள விழித்திரையைப் பார்த்த தேதி மட்டும் பெரும்பாலும் இருக்காது. கேட்டால், "போன வருஷம்தானே கண்ணாடி மாத்தினேன்" என்பார்கள். கண்ணாடிக்கு பவர் பார்ப்பது வேறு, விழித்திரை பார்ப்பது வேறு.

பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை தடங்கலின்றிப் படிப்பவருக்கும் விழித்திரையில் கசிவு இருக்கலாம். சர்க்கரையால் நலிந்த நுண்ணிய ரத்தக்குழாய்கள் அங்கங்கே குமிழ் போலப் புடைத்து, ரத்தமும் நீரும் கசியும். நடுப்பகுதியைத் தொடாதவரை பார்வை குறையாது, வலியும் இருக்காது. பாதிப்பு முற்றினால் புது ரத்தக்குழாய்கள் முளைக்கும். அவை உடைந்தால் கண்முன் கரும்புள்ளிகள் பறக்கும், திரை விழுந்ததுபோல் மறைக்கும். அப்படியானால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டைப் 2 (பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் வகை) என்றால் சர்க்கரை தெரிந்த உடனேயே முதல் பரிசோதனை, பிறகு வருடம் ஒருமுறை. டைப் 1 (உடலில் இன்சுலின் சுரக்காமல் போகும் வகை) என்றால் சர்க்கரை தெரிந்து 5 வருடத்துக்குள் தொடங்க வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் 3 மாதத்துக்குள் பார்த்தாக வேண்டும்.

பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. பலர் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்து, சர்க்கரை இறங்கி, வரிசையிலேயே வியர்த்துச் சோர்ந்துவிடுகிறார்கள். வழக்கம்போல் சாப்பிட்டு, மருந்தும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பிரஷர், இதயக் கோளாறு இருந்தால் சொட்டு விடும் முன்பே சொல்லுங்கள். கண்ணின் பாப்பா விரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும். பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து மங்கும். பைக்கில் தனியாக வரக் கூடாது. துணைக்கு ஆளும் கறுப்புக் கண்ணாடியும் இருந்தால் நல்லது.

வீட்டில் வாரம் ஒருமுறை, படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி நாள்காட்டியின் கட்டங்களைப் பாருங்கள். பிறகு மறு கண். கோடு வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் உடனே காட்டுங்கள். இரண்டு கண்ணாலும் பார்த்தால் நல்ல கண் கெட்டதை மறைத்துவிடும். ஆனால் இது வருடாந்தரப் பரிசோதனைக்கு மாற்று ஆகாது.

சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸும் மாறி, பவர் மாதத்துக்கு மாதம் வேறுபடும். சர்க்கரை சில வாரங்கள் நிலையாக இருந்த பிறகே புதுக் கண்ணாடி போட வேண்டும். இல்லையென்றால் பணம் வீண். விளக்கெண்ணெய், தேன், கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து எதுவும் விழித்திரைக் கசிவைச் சரிசெய்யாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டை மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் புரையும் வேறு வந்து சேரும்.

பல வருடம் கட்டுப்பாடின்றி இருந்த சர்க்கரையை இன்சுலின் போட்டு வேகமாக இறக்கும்போது, முன்பே உள்ள விழித்திரைப் பாதிப்பு சில மாதம் கூடக்கூடும். அதற்காக இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது. தொடங்கும்போதே கண்ணையும் காட்டிவிட வேண்டும். லேசர் போட்டும் பார்வை கூடவில்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. முற்றிய பாதிப்புக்குப் போடும் லேசர் இருக்கும் பார்வையைக் காப்பதற்குத்தான். விழித்திரைக் கசிவுக்குக் கண்ணில் போடும் ஊசியும் ஒன்றோடு முடிவதில்லை, தொடக்கத்தில் மாதம் ஒன்று என்று போட வேண்டிவரும். இரண்டாவது ஊசிக்கு வராமல் நின்றுவிடுவதுதான் மனதை வருத்துகிறது.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவரும் சகோதரிகள், "கண்ணில் மருந்து விட்டுப் பார்த்தது எப்போது?" என்று கேட்டு நோட்டில் குறிக்கச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். பார்த்த தேதி, வலது கண், இடது கண், அடுத்து வர வேண்டிய மாதம் என்று நான்கு கட்டம் போதும்.

— கண் மருத்துவ உதவியாளர்,
திண்டுக்கல் மாவட்டம்