பீரோ சாவியும் நாப்பது நாளும்

டேய் சர்ச் ஐயரே,

கிறிஸ்மஸ்க்கு நீ போட்ட மெசேஜுக்கு இப்போதான் பதில் எழுதறேன், திட்டறதுன்னா திட்டிக்கோ. அம்மாவுக்கு முட்டி வலி அப்டியேதான் கீது. குண்டன் மறுபடியும் வண்டியை மாத்திட்டான். நியூஸ் அவ்ளோதான். இனிமே எழுதறதை ஐயரம்மாகிட்ட காட்டாத.

சர்ச் வசூல் பணம் 42,000 என் வீட்டு பீரோல இருந்துச்சு. பொண்ணுக்கு செமஸ்டர் ஃபீஸ் 18,000, கடைசி நாள் மறுநாள். காசிமேட்ல நான் கணக்கு எழுதற மீன்பிடி லாஞ்சு ஓனர் அடுத்த வாரம்தான் சம்பளம்னுட்டாரு. ராத்திரி பதினோரு மணிக்கு எல்லாம் தூங்கினப்புறம் பீரோவைத் திறந்தேன்டா. மஞ்சப்பைல ரப்பர் பேண்ட் போட்ட கட்டு. பேண்டை கழட்டி 36 ஐநூறு ரூவா நோட்டு எண்ணி தனியா வச்சேன், அடுத்த வாரம் வச்சிடப்போறோம் யாருக்குத் தெரியப்போவுதுன்னு. அரை மணி நேரம் அப்டியே தரைல உக்காந்திருந்தேன். பொண்ணு தண்ணி குடிக்க எழுந்து வர சத்தம் கேட்டுச்சு, டக்குனு எல்லாத்தையும் உள்ள தள்ளி பூட்டிட்டேன். கர்த்தர் தடுத்தாருன்னு சாட்சி சொல்லலாம், ஆனா தடுத்தது சொம்பு சத்தம்தான்.

இதுல காமெடி என்னன்னா அந்த ஞாயித்துக்கிழமை லெந்து, அதான் ஈஸ்டருக்கு முன்னாடி வர நாப்பது நாள் தபசு காலம், அதோட முதல் வாரம். வாலிபர் கூட்டத்துல மத்தேயு 4, இயேசு வனாந்தரத்துல நாப்பது நாள் பட்டினி கிடந்து சாத்தான்கிட்ட மூணு சோதனையை சந்திச்ச கதை, எடுக்க வேண்டியது நான்! வியாசர்பாடி பையன் ஒருத்தன், ஃபுட்பால் ஆடறவன், கேக்கறான், "அண்ணே, தேவன் பொல்லாங்கினால் சோதிக்கப்படுகிறவர் இல்லன்னு யாக்கோபு 1:13 சொல்லுது, இயேசு நம்மள மாதிரியே எல்லா விதத்துலயும் சோதிக்கப்பட்டார்னு எபிரெயர் 4:15 சொல்லுது. அவர் தேவன், விழவே முடியாதுன்னா அது ஃபிக்ஸ் பண்ண மேட்ச்தானே?"

நீ செமினரில இருந்து லீவுக்கு வந்தப்போ கடற்கரை பாறைல உக்காந்து எனக்கு ஓட்டினியே கல்கெதோன், கி.பி. 451ல பிஷப்புங்க கூடி கிறிஸ்து யாருன்னு முடிவு பண்ண சங்கம், அதையே எடுத்து வுட்டேன். தெய்வ சுபாவம் ஒண்ணு, மனுஷ சுபாவம் ஒண்ணு, ரெண்டும் கலக்காது, பிரியாது, பசிச்சது மனுஷ சுபாவத்துலன்னு. அவன் வுடல. "அப்போ வனாந்தரத்துல பாதி ஆள்தான் கஷ்டப்பட்டாரா?" நியாயமான கேள்விடா. ஏன்னா அதே கல்கெதோன் ஆள் ஒருத்தர்தான்னு சொல்லுது, அப்போ பசிச்சது தேவ குமாரனுக்கேதான். அன்னைக்கு ஜெபம் பண்ணி கூட்டத்தை முடிச்சிட்டேன், வேற வழி?

வீட்டுக்கு வந்து உன் பழைய நோட்ஸைத் தேடி எடுத்தேன். ஏழாம் நூற்றாண்டுத் துறவி மாக்சிமுஸைப் பத்தின பக்கத்துல நீ சிவப்பு மைல கோடு போட்டிருந்த. கிறிஸ்துவுக்கு தெய்வ சித்தம் மட்டுமில்ல மனுஷ சித்தமும் உண்டுன்னு சொன்னதுக்கு அந்தக் கிழவரோட நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடு கடத்திட்டானுங்க, 662ல செத்துட்டாரு, 680-81ல கூடின இன்னொரு சபைச் சங்கத்துல அவர் சொன்னதுதான் சரின்னுட்டாங்க. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசு சாவுக்கு பயந்தது நிஜம், உடம்பு சாவைக் கண்டு பின்வாங்கறது பாவம் இல்லன்றாரு மாக்சிமுஸ். ஆனா நம்மள மாதிரி இதா அதான்னு ஊசலாடற குணம் கிறிஸ்துவுக்கு இல்லன்றாரு. இங்கதான் எனக்கு கடுப்பு. நான் பீரோ முன்னாடி ஆடினேனே அரை மணி நேரம், அது அவருக்குத் தெரியவே தெரியாதா? அப்போ யார்கிட்ட போய் சொல்றது நான்?

நாலு நாளா தூக்கம் இல்ல. நேத்து ஏலக்கூடத்துல உக்காந்துகினு கணக்கு எழுதறப்போ ஒண்ணு தோணுச்சு. கல்லை அப்பமாக்குன்னு என்னை எவனாவது சோதிப்பானா? என்னால முடியாதே, சிரிச்சிட்டுப் போயிடுவேன். முடியறவனுக்குத்தான்டா அது சோதனை. நம்ம தெருவுல எவ்ளோ பேருக்கு பணக்கஷ்டம், ஆனா சாவி என்கிட்ட இருந்ததால சோதனை எனக்கு. சாத்தான் கேட்டதும் அதுதான, நீ குமாரன்தான, மனுஷனா பசியோட ஏன் கிடக்கற, சாவியைப் போட்டுத் திற. கடவுளா இருக்கறதால சோதனை பொய்யாயிடல, அதனாலதான் அந்த சோதனையே வந்துச்சு. இயேசு பதில் சொன்ன மூணும் பழைய ஏற்பாட்டு உபாகமத்துல இருந்து, அதாவது எந்த இஸ்ரவேலனும் சொல்லக்கூடிய பதில். சாவியைத் தொடவே இல்ல. நான் தொட்டு, திறந்து, எண்ணியே பாத்துட்டேன்.

இது ஏதாவது பழைய கள்ள உபதேசத்துல போய் முடியுதான்னு நீதான் சொல்லணும். அந்தப் பையன் இந்த ஞாயிறும் வருவான்.

ஃபீஸுக்கு மச்சினன்கிட்ட கைமாத்து வாங்கிட்டேன், அவன் பேச்சு வாங்கினது தனிக்கதை. சர்ச் பணத்தை மறுநாளே பொருளாளர் வீட்ல குடுத்துட்டேன். என்னய்யா அவசரம்னாரு. பீரோ பூட்டு சரியில்லன்னு சொல்லிட்டேன். பூட்டு நல்லாத்தான் கீது. இது பொய்தானே?

ஏப்ரல் 15ல இருந்து மீன்பிடி தடைக்காலம், லாஞ்சு எதுவும் போகாது. வஞ்சிரம் வேணும்னா அதுக்குள்ள வந்து சேரு.

உன்
கணக்குப்புள்ள